கொதிக்காத எஞ்சின்

விதுசனிடம் இருந்த, அறுபதுகளில் செய்த ஸ்போர்ட்ஸ் கார், தர்மபுரத்தில் சரியாக அவன் கண் வைத்திருந்த லக்சிகா வீட்டு வாசல் கேற்றடியில்தான் தினமும் எஞ்சின் கொதித்து நிற்கும். அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவருவாள். இவன் மானம் கப்பலேறும்.

“றம்சீன் நானா, அவளுக்கு முன்னால பறக்கவேணும்!” என்று கராஜ்காரர் றம்சீனிடம் காரைக் கொடுத்தான்.

அவர் வேகத்துக்கு இரட்டைக் கார்பரேற்றரும், எஞ்சின் கொதிக்காமலிருக்கப் புது றேடியேற்றரும் பூட்டினார். கார் உறுமிக்கொண்டு பறந்தது.

ஒரு கிழமை கழித்து விதுசன் வாடிய முகத்தோடு திரும்பி வந்தான்.

“சந்தியில படுத்திருக்கிற மாடுகூடத் திரும்பிப் பாக்குது. அவள் பாக்கிறாளில்லை. இன்னும் வேகம் ஏத்துங்கோ நானா.”

றம்சீன் காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்து, பழைய ஓட்டை றேடியேற்றரைப் பூட்டத் தொடங்கினார்.

“உங்களுக்கென்ன விசரோ, பைத்தியமோ?”

“இது வேற ஆள் சொன்ன வேலை, தம்பி.”

“என்ர காருக்கு வேலை சொல்ல ஆர்?”

“லக்சிகா. ‘பழையபடி எங்கட கேற்றடியில நிக்கச் செய்யுங்கோ’ எண்டு இண்டைக்குக் காலமை வந்து கெஞ்சிப்போட்டுப் போகுது பிள்ளை.”