இறந்தகாலம் அடுத்த லெவலில்

காப்பி கேட்கச் சொன்னதற்குத்தான் சந்தானம் புத்தகத்தை மேஜைமேல் அடித்தார்.

செகந்திராபாத் பக்கம் பேகம்பேட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி. சனிக்கிழமை காலை வகுப்பு, ஏழு பேர். ஹோட்டலில் என்னென்ன கேட்கலாம் என்பது அன்றைய ஸ்பானிஷ் பாடம். ஹர்ஷா காப்பி கேட்டான். அவனுக்கு அடுத்த பெண் தண்ணீர் கேட்டாள். டீச்சர் பூர்ணா இரண்டு பேருக்கும் கைதட்டினாள்.

சந்தானத்தின் முறை வந்தபோது அவர் மாட்டேன் என்றார். காப்பி கேட்கவும் கழிப்பறை எங்கே என்று விசாரிக்கவும் தான் அறுபத்திரண்டு வயதில் ஒரு பாஷை படிக்க வரவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சொன்னார் என்பது மரியாதைக்கு. கத்தினார்.

வரவேற்பில் இருந்த பெண் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

பூர்ணாவுக்கு இருபத்தாறு வயது. சந்தானத்தையும் அவர் மனைவியையும் பற்றி அவளுக்குத் தெரிந்தது சேர்க்கைப் படிவத்தில் இருந்தது மட்டும்தான். சார் இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். செகந்திராபாத் ஃபிளாட்டை விற்றாகிவிட்டது. ஜூனில் ஸ்பெயினுக்குப் போய் வலென்சியாவில், மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியேறப் போகிறார்கள். நாலு வயதுப் பேத்திக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் வரும்.

கடலோர ஊர், பக்கத்திலேயே பேத்தி, கொடுத்துவைத்தவர்கள் என்று முதல் வாரம் அவள் சொல்லிவிட்டாள். அன்றைக்கும் அவர் எரிந்து விழுந்தார்.

அப்படியானால் எதைப் படிக்க வேண்டும் என்று பூர்ணா பொறுமையாகவே கேட்டாள்.

இறந்தகாலம் என்றார். வந்தாய், செய்தாய், சொன்னாய். மூன்று மாதமாக இந்த வகுப்பில் எல்லாரும் வந்துகொண்டும் போய்க்கொண்டும் தின்றுகொண்டும் இருக்கிறார்களே தவிர, ஒருத்தரும் எதையும் செய்து முடித்தபாடில்லை என்றார்.

அது அடுத்த லெவலில் வரும், இன்னும் நான்கு மாதம் ஆகும் என்றாள் அவள்.

நான்கு மாதத்தில் அந்த ஊரில் இருப்பேன், இறங்கிய அன்றைக்கே ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்று அவர் மறுபடி கத்தினார். ஹர்ஷா சிரித்துவிட்டான். சந்தானம் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி வேதவல்லி நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள். அவர் கத்தும்போது குனிந்துகொள்வது அவளுக்கு முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

என்ன கேள்வி என்றாள் பூர்ணா.

"நீ ஏன் எங்களிடம் சொல்லவில்லை."

பூர்ணா பலகைப் பக்கம் திரும்பினாள். ஸ்பானிஷிலும் நீ வேறு, நீங்கள் வேறு. இந்த ஆளுக்கு எது என்று கேட்டாள். மரியாதை ஒன்றும் வேண்டாம் என்றார். வீட்டுத் தரகனாக இருக்கும், நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு எழுதினாள்.

போர் கே நோ நோஸ் லோ திஹிஸ்தே.

ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் காட்டினாள். நோஸ் என்றால் எங்களிடம்.

சந்தானம் எழுந்து நின்று சொன்னார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் உரக்கச் சொன்னார்.

உச்சரிப்பு சரியாக வருகிறது, கோபத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம், யாரிடம் கேட்கப் போகிறீர்கள் என்றாள் பூர்ணா.

மாப்பிள்ளையிடம் என்றார்.

தன் பெண் சுபாஸ்ரீ புற்றுநோயோடு பதினொரு மாதம் கிடந்தாள் என்றார். ஒரே பெண். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன மார்ச்சில் எல்லாம் முடிந்த பிறகு போன் செய்தான். ஏன் சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டால் சாரி, சாரி என்கிறான். அதற்குமேல் அவனுக்கு ஆங்கிலம் வராது. அவனுடைய பாஷையிலேயே கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும் என்றார்.

ஹர்ஷா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது வேதவல்லி கையைத் தூக்கினாள். அந்த வகுப்பில் அவள் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

எங்களிடம் என்பதற்குப் பதில் அவரிடம் என்று வர வேண்டுமானால் எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

பூர்ணாவுக்குப் புரியவில்லை. இருந்தாலும் நோஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஸே என்று எழுதினாள். வேதவல்லி அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எதற்கு அது என்று சந்தானம் அவளை அதட்டினார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு தமிழில் பேசினாள். அந்த அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது.

"மாப்பிள்ளையை ஒண்ணும் கேக்காதீங்கோ. எங்ககிட்டன்னு கேட்டா அது பொய். எனக்கு முதல் மாசமே தெரியும். நீங்க ஆபீஸ் போனப்புறம் சுபாஸ்ரீ தினம் போன்ல பேசுவா. அப்பாகிட்ட சொல்லாதே அம்மா, கத்துவார், அதைக் கேக்கற தெம்பு எனக்கில்லைன்னு சொன்னா. மாப்பிள்ளைகிட்டயும் சத்தியம் வாங்கிண்டா, என்கிட்டயும் வாங்கிண்டா."

சந்தானம் நின்றபடியே இருந்தார். பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கத்தப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு ஏதோ கேட்டார்.

ஒட்டி உட்கார்ந்திருந்த வேதவல்லிக்கே அது காதில் விழவில்லை. என்ன கேட்டேள் என்று அவர் வாயருகே குனிந்தாள்.