அநாதைக் கால்

அருளப்பனின் இடது கால் செயற்கைக் கால். அதைச் செய்த கம்பெனி மூடி மூன்று வருஷமாயிற்று. அப்படிப்பட்ட கால்களை நடக்கவைக்கும் பொது மென்பொருளை உலகெங்கும் தன்னார்வலர்கள் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் இந்த அநாதைக் காலுக்குப் பொருத்தியது மனைவி ஜெசிந்தா ஒருத்திதான். ஒருமுறை தவறினாலும் மனிதர் கட்டிலோடு கிடப்பார்.

"ஏங்க! நம்ம காலையும் பொதுவுல சேர்த்துக்கிறாங்களாம்!" என்று துள்ளினாள் ஜெசிந்தா. "ஒரே கண்டிஷன். யார் எதைத் திருத்தினாலும் முதல்ல இந்த மாடல்ல ஓட்டிப் பார்க்கணுமாம். இந்த மாடல்ல உலகத்துல மிச்சமிருக்கிறது உங்க கால் ஒண்ணுதான்."

"எவனோ பிரேசில்ல தட்டினா நான் தூத்துக்குடியில உதைக்கணுமா? பூசையில முழங்கால் போட்டிருக்கும்போது உதைச்சா?"

"பின்னாடி உங்க அண்ணன உட்கார வைங்க. உதை அவருக்குப் போகட்டும்."

அருளப்பன் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பத்தே நிமிஷத்தில் முதல் திருத்தம் வந்து இறங்கியது. கால் தானாக எழுந்தது, இரண்டு எட்டு வைத்தது, மடங்கியது. சோபாவில் பொத்தென்று விழுந்தார்.

ஜெசிந்தா பதறிப்போய், வழக்கம்போல் தானே சரிசெய்ய லேப்டாப்பை இழுத்தாள். வேலையே இல்லை. இந்தக் கால் மடங்கியதுமே அந்தத் திருத்தம் உலகம் முழுக்க நிறுத்தப்பட்டிருந்தது. கீழே நார்வேயிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'தப்பு என்னுடையது, நானே சரிசெய்கிறேன். அவருக்கு அடிபட்டதா?'

"இல்லைன்னு சீக்கிரம் போடு," என்றார் அருளப்பன். "பாவம், பதறிக்கிட்டு இருப்பா."