என்ன ஸ்பீடு?

பரமேஸ்வரியின் கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பார்க்கப் பார்க்கக் கலியபெருமாளுக்கு ரத்தம் கொதித்தது. பிடோக் காலை நடைக் குழுவின் தலைவர் அவர். சும்மா விடுவாரா? அன்று மாலையே அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

"நாம நடக்கிற பாதையில சைக்கிளும் நடக்கிற வேகத்துலதான் வரணும். மனு கொடுக்கப் போறோம்!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

பரமேஸ்வரியின் கையை முறித்த சைக்கிளுக்குச் சொந்தக்காரரான தயாளன் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம் லா," என்றார் ஒருவர்.

"சொல்லுங்க தம்பி, அக்கா மேல இடிச்சப்ப என்ன ஸ்பீடு?" என்று அதட்டினார் கலியபெருமாள்.

தயாளன் தயங்கி எழுந்தார். "சைக்கிளை ஸ்டாண்டுல பூட்டிட்டு, மேல வீட்டுல காப்பி குடிச்சிக்கிட்டிருந்தேன் சார். சத்தம் கேட்டுத்தான் கீழ ஓடி வந்தேன்."

கூட்டம் மொத்தமும் பரமேஸ்வரி பக்கம் திரும்பியது.

"போனைப் பார்த்துக்கிட்டே நடந்துட்டேன் அண்ணே. எல்லாம் நம்ம குழுவுக்கு மெசேஜ் போடத்தான்!" என்றார் அவர் குறைபட்டுக்கொண்டே.

கலியபெருமாள் தன் கைபேசியைத் திறந்தார். பரமேஸ்வரி விழுந்தபோது விரல் பட்டுப் பாதியிலேயே வந்துவிட்ட செய்தி அப்படியே கிடந்தது: 'இந்தச் சைக்கிள்காரங்க ஒருத்தராவது முன்னாடி பார்த்து'.

கைபேசியை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார் தலைவர்.

"மனுவுல இன்னொரு வரி சேர்த்துக்குங்க. நிக்கிற சைக்கிளும் இனிமே மெதுவாத்தான் நிக்கணும்!"

கைதட்டல் மறுபடியும் எழுந்தது.