பம்பாயில் மழை

"பம்பாய்ல நவம்பர் மாசம் ஏது சார் மழை?" என்று கேட்டார் சரோஜினி டீச்சர்.

வகுப்புச் சுவரில் பெரிய அட்டை ஒன்று மாட்டியிருந்தது. அதில் பம்பாய்க்கு நேராக நான்கு கட்டங்களிலும் நீலப் பென்சிலால் மழை பெய்துகொண்டிருந்தது.

நாற்காலி போட்டும் வேதசிரோமணி உட்காரவில்லை. ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குடையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தே நின்றார். தம்பி மகள் சுகந்தியைப் பற்றிப் பேசப் பள்ளிக்கூடம் அவரைக் கூப்பிட்டு அனுப்பியது இதுவே முதல் தடவை.

ஆறாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஊர். பேப்பரில் வரும் வானிலையைப் பார்த்து, அந்த ஊரில் மழையா வெயிலா, எத்தனை டிகிரி என்று தினமும் அட்டையில் குறிக்க வேண்டும். அப்பா பம்பாயில் இருக்கிறார் என்பதால் சுகந்திக்குப் பம்பாயைக் கொடுத்திருந்தார் டீச்சர்.

"நானும் பேப்பர் பாத்தேன் சார். பம்பாய் முப்பத்திமூணு டிகிரி, வறண்ட வானிலை. இவ எழுதியிருக்கிறது இருபத்தாறு, பலத்த மழை. அது பம்பாய் இல்ல. கடலூர்."

வேதசிரோமணியின் விரல்கள் குடைப்பிடியில் இறுகின.

தம்பி தேவானந்தம் பம்பாயில் இல்லை. சொந்த ஊரில் வரப்புத் தகராறில் மண்வெட்டியை ஓங்கி ஓர் உயிரைப் போக்கிவிட்டு, கடலூர் சிறையில் இருந்தான். பம்பாயில் கம்பெனி வேலை என்பது வேதசிரோமணி கட்டிய கதை. சேலையூரில் சர்ச் சபைக்கும் தெருவுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார். சுகந்திக்கும் அதையேதான்.

இந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதா? இத்தனை ஊர் இருக்கக் கடலூரை ஏன் இழுக்கிறாள்?

"கடலூர்னு எப்படி டீச்சர் அவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"நாலு நாளும் பேப்பர்ல கடலூருக்குப் போட்ட நம்பர் அப்படியே இருக்கே சார்." டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. "ஸ்கூல் எக்ஸிபிஷன்ல இந்த அட்டையைப் பாக்கப் பெரிய ஆபீசருங்க வர்றாங்க. தப்பா இருந்தா எனக்குத்தான் கெட்ட பேரு. ஒண்ணு பண்றேன். இவங்கப்பாவுக்கே ஒரு கார்டு போட்டுக் கேட்டுடறேன். அட்ரஸ் குடுங்க."

"அது... குவார்ட்டர்ஸ் மாத்திட்டாங்க."

"கம்பெனி பேரு சொல்லுங்க, போதும். எங்க கொழுந்தனார் அந்தேரியிலதான் இருக்காரு. நேர்லயே போய்ப் பாத்துட்டு வந்துடுவாரு."

வேதசிரோமணி உட்கார்ந்துவிட்டார். வெளியே மழை. ஆனாலும் சலவைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. எல்லாம் தெரிந்துகொண்டேதான் இவள் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிறாள் என்று தோன்றியது. நாளைக்கே சபையில் தெரியும். ஞாயிறு ஆராதனையில் அவர் ஏந்திப் போகும் வெள்ளிக் கைப்பிடி போட்ட காணிக்கைப் பையை அப்புறம் யார் கையில் கொடுப்பார்கள்?

"காப்பி அடிச்சிருக்கா டீச்சர்," என்றார் திடீரென்று.

"யாரைப் பாத்து? கடலூர் ஸ்ரீநிவாசனோடது. அவன்தான் காய்ச்சல்ல படுத்திருக்கானே. அவன் கட்டம் காலியா கெடக்குது பாருங்க."

"அவன் வீட்டுக்குப் போய்ப் பாத்து எழுதியிருப்பா. சோம்பேறிக் கழுதை."

"நான் காப்பி அடிக்கல டீச்சர்," என்றாள் சுகந்தி. அதுவரை வாயே திறக்காமல் நின்றவள்.

"நீ வாயை மூடு." அந்தச் சத்தத்தில் பக்கத்து வகுப்பே அடங்கிப்போனது. "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்திருக்கு. இவங்கப்பன் காதுல விழுந்தா தாங்கமாட்டான். கார்டெல்லாம் வேணாம் டீச்சர். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

கெஞ்சி அவருக்குப் பழக்கமில்லை. குடையைப் பிடித்த கை நடுங்கியது. மறு கையால் அதை அமுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை.

சுகந்தி அந்தக் கைகளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா டீச்சர்," என்றாள். "காப்பிதான் அடிச்சேன்."

டீச்சரின் முகம் சுருங்கிப்போனது. "உன்னைப் போய் நல்ல பொண்ணுன்னு நெனச்சேனே. சரி சார், கார்டு போடல. ஆனா நாளைக்குக் காலையில ப்ரேயர்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கணும். எக்ஸிபிஷன்ல இவ கெடையாது."

"தாராளமா கேப்பா," என்று எழுந்தார் வேதசிரோமணி.

டீச்சருக்கு ஒன்றுமே தெரியாது. வெறும் நம்பர் பார்த்துப் பேசியிருக்கிறாள். அது புரிந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. முதுகு பழையபடி நிமிர்ந்தது. பிள்ளைகள் காப்பி அடிப்பது எந்த வீட்டில்தான் இல்லை? ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். குடும்பப் பெயர் தப்பித்தது.

கேம்ப் ரோட்டில் முழங்கால் வரை தண்ணீர். போகிற பஸ்ஸெல்லாம் அலையடித்துவிட்டுப் போயின. அவர் குடையைச் சுகந்தியின் பக்கம் சாய்த்துப் பிடித்தார். குரலும் கொஞ்சம் இளகியிருந்தது.

"ஏம்மா, பேப்பர்ல வரி தள்ளிப் பாத்துட்டியா? பம்பாயை விட்டுட்டு வேற எந்த ஊரையோ எழுதி வெச்சிருக்கியே."

சுகந்தி பைக்கட்டை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"பம்பாய்ல நமக்கு யாரு இருக்கா, பெரியப்பா?"