வெள்ளிக்கிழமை பிஸ்கட்

பேக்கரிக்காரர் அந்த ஓட்ஸ் பிஸ்கட்டை இரண்டாக உடைத்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு நுனியை மட்டும் கிள்ளி நாக்கில் வைத்தார்.

“விஷம் எதுவும் கலக்கல. தைரியமா முழுங்குங்க” என்றாள் எக்ஸ்ரேக்காரி.

வகுப்பறையில் குட்டிப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த பெற்றோர்களில் ஓரிருவர் சிரித்தார்கள். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை.

பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. பால்பல்லே விழாத பிள்ளைகளுக்கு வேர்வரை சொத்தை ஓடியிருப்பதைத் தினமும் பார்த்து வெறுத்துப் போனவள். தன் மகனின் இரண்டாம் வகுப்பில் வெள்ளிதோறும் க்ரீம் கேக் தருகிறார்கள் என்று தெரிந்ததும், கேக்குக்குப் பதில் ஓட்ஸ் பிஸ்கட்தான் தரவேண்டும் என்று வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

“ஊரோட ஒத்துப் போயேன்” என்றான் கணவன்.

“ஊர்ப் பல்லு பூரா சொத்தையா இருந்தா, நானும் ரெண்டு சொத்தை வச்சுக்கணுமா?”

அத்தோடு வீட்டில் பேச்சு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் முடியவில்லை. மகனுக்கு ‘ஓட்ஸ்’ என்று பட்டப்பெயர் வந்தது. அவனைப் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவதையே இரண்டு வீடுகளில் நிறுத்திவிட்டார்கள். அவளோ ஒரு அங்குலம் நகரவில்லை. இன்று வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஒரு டப்பா நிறையச் சுட்டு எடுத்து வந்திருந்தாள்.

கேக் கொடுப்பவர் பேக்கரிக்காரர். அவர் மகளும் அதே வகுப்புதான். சும்மா விடுவாரா?

“இதுல சக்கரை?”

“கிடையாது.”

“தேன்? சர்க்கரைப் பாகு?”

“அதுவும் கிடையாது. வாழைப்பழம், பேரீச்சம்பழம், ஆப்பிள் துருவல். இனிப்பு அதுலருந்து வர்றதுதான்.”

“பேரீச்சம்பழம்னா எத்தனை? சும்மா கைக்கு வந்தத அள்ளிப் போட்டீங்களா?”

“பன்னெண்டு பிஸ்கட்டுக்கு நாலு. எண்ணித்தான் போட்டேன். போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க சார்.”

“பிள்ளைங்க வாயில போற சமாச்சாரம். கேக்கத்தான் செய்வேன். ஒவ்வொரு வாரமும் இதே கணக்குதானா, மாறுமா?”

“மாறாது. என் பிடிவாதமும் மாறாது.”

பின்வரிசையில் ஒரு அப்பா கொட்டாவி விட்டபடி, “ஓட்ஸா? அது குதிரைத் தீவனமாச்சே” என்றார்.

“அதான் எந்தக் குதிரையும் என்கிட்ட எக்ஸ்ரே எடுக்க வந்ததில்ல” என்றாள் அவள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பேக்கரிக்காரர் எழுந்து நின்றார். “நம்ம பேசி என்ன புண்ணியம்? திங்கப்போறது பிள்ளைங்க. அவங்களையே கூப்பிட்டுக் கொடுப்போம். துப்பிட்டாங்கன்னா இந்தம்மா டப்பாவத் தூக்கிட்டுப் போயிடணும். சம்மதமா?”

கழுத்துக்குக் கத்தி வைக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் டப்பாவைத் திறந்து நீட்டினாள். “கூப்பிடுங்க!”

தலைமையாசிரியை கைதட்ட, மைதானத்தில் இருந்த பிள்ளைகள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்கள். ஒருவன், “கேக்குதான் சூப்பர்” என்று சொல்லிவிட்டு இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டினான். ஒருத்தி பேரீச்சம்பழத்தை மட்டும் நோண்டித் தின்றாள். துப்பியவர் ஒருவரும் இல்லை.

பேக்கரிக்காரரின் மகள் மட்டும் எடுக்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள்.

‘எடுக்கக்கூடாதுன்னு சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காரு’ என்று எக்ஸ்ரேக்காரி பல்லைக் கடித்தாள். குனிந்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே டப்பாவை நீட்டினாள். “எடுத்துக்கோ கண்ணு. யாருக்கும் பயப்படாதே.”

பேக்கரிக்காரரின் தாடை இறுகியது. “ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு” என்றார் மகளிடம்.

அந்தப் பெண் ஒன்றை எடுத்துச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். கொறித்துக் கொறித்து, உள்ளங்கையில் ஒட்டிய தூள்வரை நக்கினாள்.

“அப்ப கை தூக்கலாமா?” என்றார் தலைமையாசிரியை.

கேக்குக்கு முதலில் எழுந்த கை பேக்கரிக்காரருடையது. எண்ணிப் பார்த்தபோது பிஸ்கட் பக்கம் மூன்று கைகள் அதிகம். வாரம் ஒரு வீடு சுட்டுக்கொண்டு வருவது, எல்லாரும் இந்த அம்மா சொல்லும் கணக்குப்படியே போடுவது என்று முடிவாயிற்று.

கூட்டம் கலைந்தது. எக்ஸ்ரேக்காரி காலி டப்பாவோடு தாழ்வாரத்துக்கு வந்தபோது பேக்கரிக்காரர் வழியை மறித்து நின்றார்.

அவள் முந்திக்கொண்டாள். “இன்னும் என்ன சார்? நேரா சண்டை போட்டேன், நேரா ஜெயிச்சேன். உங்க வியாபாரத்துக்காக என் வாயை மூட முடியாது. இன்னொரு கூட்டம் போட்டாலும் வருவேன். பத்து கூட்டம் போட்டாலும் வருவேன்!”

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். கடைசி ஆளும் படியிறங்கும்வரை காத்திருந்தார். அவர் கண்கள் கலங்கியிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

“வெளிய தெரிஞ்சா பொண்ணோட எதிர்காலம் போயிடும்னு வீட்டுல பெரியவங்க மிரட்டி வச்சிருக்காங்கம்மா. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு மட்டும்தான் தெரியும். கேக் கடைக்காரன் கேக்குக்காகக் கத்தலேன்னா, ஏன்னு நாலு பேரு கேப்பாங்க. அதான் கத்துனேன்.”

“என்ன தெரிஞ்சா?”

“எம் பொண்ணுக்கு சுகர் இருக்கும்மா, தினம் ஊசி போடறோம். நீங்க எங்க தோத்துடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்!”