மூன்று புள்ளிகள்

ஒரு தகர டப்பாவில் நான்கு பகடைகள் குடியிருந்தன. கற்பனையாக ஓர் ஆளைத் தாளில் உருவாக்கி ஆடும் கதை விளையாட்டில் உருளுவதுதான் அவற்றின் பிழைப்பு. நான்கையும் உருட்டுவார்கள், குறைந்த எண் விழுந்ததை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றையும் கூட்டி, அந்த ஆளின் பலம், அறிவு, துணிவு என்று தாளில் எழுதுவார்கள். ஒதுக்கப்படுவது எப்போதும் பச்சைப் பகடைதான். அதற்கு ஒன்றைத் தவிர வேறெதுவும் விழுந்ததாகச் சரித்திரமே இல்லை.

அன்று ஆட வந்த மதிவதனி முறையை மாற்றினாள். மூன்று பகடைதான், ஒதுக்குவது கிடையாது. அவள் கையில் சிவப்பும் வெள்ளையும் பச்சையும் அகப்பட்டன.

பலம் பதிமூன்று. அறிவு பன்னிரண்டு.

"உன்னைச் சுமந்துக்கிட்டே இவ்வளவு தூரம் வந்துட்டோமே!" என்று பச்சையிடம் சொன்னது சிவப்பு.

கடைசியாகத் துணிவு. இந்தத் தடவையாவது ஆறு விழ வேண்டுமென்று பச்சை உயிரைக் கொடுத்துப் புரண்டது. ஒன்று. வெள்ளையும் ஒன்று. சிவப்பும் ஒன்று.

"தொலைஞ்சான் பய! மூணுக்குக் கீழ எண்ணே கிடையாது" என்று சிவப்பு புலம்பியது.

மறுபடி உருட்டத்தான் போகிறாள் என்று பச்சை கண்ணை மூடிக்கொண்டது. அவள் உருட்டவில்லை. அந்த மூன்று புள்ளிகளையே பார்த்திருந்துவிட்டுத் தாளில் எழுதினாள்: 'பயந்தாங்கொள்ளி. ஆனாலும் குகைக்குள் முதலில் இறங்குபவன் இவன்தான்.'

தாள் சிலிர்த்தது. "பச்சை, கொஞ்சம் கிட்ட வாயேன். எனக்குள்ள என்னமோ அடிச்சுக்குது."

பச்சை காது கொடுத்துக் கேட்டது. காகிதத்துக்குள் ஒரு நெஞ்சு, பயத்தில் படபடவென்று, ஆனால் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.