ரெஜினாவுக்கு மட்டும் மூணு

அநியாயம் நடந்தது எனக்கும், எங்கள் வகுப்பில் இருக்கிற மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும். பல்கலைக்கழக வைஃபையில் ஆளுக்கு இரண்டே கருவி, ஒரு போன், ஒரு லேப்டாப் என்று விதி போட்டுவிட்டு, ரெஜினாவுக்கு மட்டும் மூன்று கொடுத்திருந்தார்கள்.

பாஸ்வேர்டு மாற்றப் போனபோது நெட்வொர்க் அறையில் ஆண்ட்ரூ சாரின் திரையில் என் கண்ணால் பார்த்தேன். ரெஜினா, ராயபுரம், மூன்று.

ரெஜினாதான் எங்கள் வகுப்புப் பிரதிநிதி. போன செமஸ்டரில் என்னைவிட இரண்டு மார்க் அதிகம். கப்பலில் வேலை செய்யும் மாமா வாங்கிக் கொடுத்த வெள்ளி நிற லேப்டாப் வேறு. என்னுடையது, அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. சார்ஜரைக் கழற்றினால் உயிர் போய்விடும்.

வெள்ளிக்கிழமை எண்ணூரில் இருக்கிற ஒரு கன்டெய்னர் கம்பெனியின் ஆன்லைன் தேர்வு. வளாகத்து நெட்டில்தான் எழுத வேண்டும். எங்கள் துறைக்கு ஒரே ஒரு பயிற்சி இடம். பயிற்சியை முடித்தால் வேலை நிச்சயம். வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் அந்த வேலையை நம்பி மூன்று பேர் காத்திருக்கிறார்கள். போட்டியோ எனக்கும் ரெஜினாவுக்கும்தான்.

கேன்டீனில் நேராகவே கேட்டேன்.

"இன்னாத்துக்குடி உனக்கு மூணு?"

"தேவை கீது, வெச்சினு கீறேன்."

"யாருக்குத் தேவை?"

"உன்கிட்ட சொல்றதும் மைக் செட்டு போட்டு சொல்றதும் ஒண்ணு. போய்ப் படி, போ."

"விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

"சரிங்க, வக்கீலம்மா."

சமோசாவில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை. பக்கத்தில் இருந்த சினேகா அதையும் எடுத்துத் தின்றுகொண்டே, "விடேன் மகி, உன் நெட்டையா புடுங்கிட்டா?" என்றாள்.

"கொள்கைக்காகக் கேக்கறேன்."

"கொள்கையா, வயித்தெரிச்சலா?"

அன்று மதியமே இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். விதி எண், பத்தி எண், தேதி எல்லாம் போட்டு, மூன்று நாளுக்குள் ஒரு கருவியை நீக்கி எழுத்தில் பதில் தர வேண்டும் என்று முடித்தேன். பெயர் போடாமல் புகார் கொடுப்பது கோழைத்தனம். மகிழினி என்று பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை ஆண்ட்ரூ சார் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் புகாரை ஏத்துக்கினாங்கம்மா. ஒண்ணை எடுத்தாச்சு. இதுல கையெழுத்துப் போடு."

ஜெயித்துவிட்டேன். சினேகாவுக்கு உடனே மெசேஜ் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தாளைப் படித்தேன். நீக்கப்பட்டது அந்த வெள்ளி நிற லேப்டாப்.

"சார், இது அவளோட சொந்த லேப்டாப். இதை எதுக்கு எடுத்தீங்க? எடுக்க வேண்டியது மூணாவதைத்தானே?"

"மூணாவது எதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதைத்தான் கேட்டு எழுதியிருக்கேன்."

"உன்னுது."

எனக்குப் புரியவில்லை.

"பதிவு பண்ணப்போ உங்க வகுப்பு லேப்டாப் மொத்தத்தையும் அவதானே வாங்கினு வந்தா? உன்னுது பழசு. பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினை நெட்டுல விடக் கூடாதுன்னு இன்னொரு விதி கீது. படிச்சியா?"

படித்திருந்தேன். நான்காம் பக்கம். அது வேறு யாருக்கோ என்று நினைத்திருந்தேன்.

"நான் தள்ளி வெச்சிட்டேன். 'என் பேர்ல போடுங்க சார், எதுனா வைரஸ் வந்தா என்னைக் கேளுங்க'ன்னு சாயந்தரம் வரைக்கும் நின்னா. போட்டுக் குடுத்தேன். அதுக்கு இப்ப எனக்கு ஒரு மெமோ."

"என்கிட்ட அவ சொல்லவே இல்லையே சார்."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? எதுக்கு என் மெஷினைத் தள்ளினீங்கன்னு இங்க வந்து சண்டை போடுவ. அப்புறம் மேல இருக்கறவங்களுக்குத் தெரியும், அதுவும் போகும்."



"புகார் குடுத்தது நான்தான்னு அவளுக்குத் தெரியுமா?"

"சம்பந்தப்பட்டவங்களுக்கு ஒரு நகல் குடுக்கணும்னு நீதானேம்மா எழுதியிருந்த."

சினேகாவுக்கு எழுத எடுத்த போனைப் பைக்குள் போட்டேன்.

"மூணை ரெண்டாக்குன்னுதான் எனக்கு உத்தரவு. எதை எடுக்கறதுன்னு அவளையே எழுதிக் குடுக்கச் சொன்னேன். பின்னாடி பாரு."

தாளைத் திருப்பினேன். ரெஜினாவின் கையெழுத்து:

"அவ மெஷினை எடுக்காதீங்க சார். அவ பரீட்சை எழுதாம நான் முதல்ல வந்தா, அதுக்கும் ரெண்டு பக்கம் புகார் எழுதுவா. என்னுதை எடுத்துக்கோங்க, நான் போன்ல எழுதிக்கிறேன்."